எண்பது வருடம் தாங்கும் துப்பாக்கி

யசோதரன் தன் வாழ்நாளில் ஒரு துப்பாக்கியைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. பினாங்குத் தீவில் பிறந்து, அங்கேயே படித்து, பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு காப்புறுதி (இன்சூரன்ஸ்) அலுவலகத்தில் அடிபட்ட கார்களின் படங்களைப் பார்த்துத் தலையாட்டும் மனிதனுக்குத் துப்பாக்கி எங்கே கிடைக்கும்? அதுவும் வைத்திருந்தால் உயிருக்கே உலை வைக்கும் சட்டம் உள்ள நாட்டில். ஆனாலும் துப்பாக்கி பற்றி அவனிடம் வாயைக் கொடுத்தவர்கள் லேசில் தப்பியதில்லை. இன்றைய துப்பாக்கி பற்றி அல்ல. உலகம் அழிந்து எண்பது வருடம் ஆன பிறகு மனிதன் கையில் எந்தத் துப்பாக்கி இருக்கும் என்பதைப் பற்றி.

காரணம், அவன் ஒரு விளையாட்டை உருவாக்கியிருந்தான். பெயர் ‘பாலம் உடைந்த பிறகு’. கம்ப்யூட்டரில் ஆடுவது அல்ல. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, வாயால் கதை சொல்லி ஆடுவது. மின்சாரம் போய், அரசாங்கம் போய், தீவுக்கு வரும் இரண்டு பாலங்களும் கடலில் விழுந்து, ஜார்ஜ் டவுனில் மிஞ்சிய நாலு பேர் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பதுதான் ஆட்டம். கதையை நடத்துபவன் யசோதரன். கடல் பொங்குவதும் கொள்ளைக்காரர்கள் வருவதும் அவன் சொல்லில்தான் நடக்கும். வாரம் முழுக்க மேலாளர் சொன்னதற்கெல்லாம் சரி சரி என்றவன், ஞாயிறு பிற்பகலில் மட்டும் ஒரு தீவுக்கே கடவுள்.

கடவுளாக இருந்தாலும் நியாயமான கடவுள். அவன் மேசையில் ஒரு சட்டம் இருந்தது. மந்திரம் கிடையாது. யாராவது ஒரு பொருளை ஆட்டத்துக்குள் கொண்டுவர வேண்டுமென்றால், அதை ஓர் அட்டையில் எழுதிக்கொண்டு எழுந்து நிற்க வேண்டும். அந்தக் காலத்தில், இந்தத் தீவில், யார் இதைச் செய்வார்கள், எதை வைத்துச் செய்வார்கள் என்று மற்றவர்கள் கேட்கும் கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். இதற்கு விசாரணை என்று பெயர். பதில் சொல்ல முடியாமல் முழித்தால் அட்டையை மடித்து ஒரு பழைய மைலோ டின்னில் போட்டுவிட வேண்டும். அந்த டின்னுக்குக் கடல் என்று பெயர். கடலில் விழுந்தது திரும்பி வராது.

அந்த மைலோ கடலில் விழுந்தவை கொஞ்சநஞ்சம் அல்ல. லேசர் துப்பாக்கி விழுந்தது. ஆளைப் பார்த்துத் தானாகச் சுடும் துப்பாக்கி விழுந்தது. அச்சுக்கூடம் வைத்திருக்கும் நண்பன் ஷேக் அலாவுதீன், கைரேகை பார்த்துச் சுடும் துப்பாக்கி ஒன்றைப் பெருமையாக எழுதிக்கொண்டு வந்தான். “எண்பது வருஷம் கழிச்சு அதுக்கு பேட்டரி எந்த மினிமார்க்கெட்ல வாங்குவ?” என்று யசோதரன் கேட்ட ஒரே கேள்வியில் அதுவும் விழுந்தது. இப்படி அடுத்தவன் துப்பாக்கியை மூழ்கடிப்பதில் யசோதரனுக்கு ஒரு தனிச் சுகம் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

அவனுடைய துப்பாக்கியின் பெயர் ஊமைச்சி. தோட்டா இல்லை, மருந்து இல்லை, சத்தமும் இல்லை. ஒரு குழாயைச் சுற்றிச் செம்புக் கம்பி. அதில் ஒரே நொடியில் மின்சாரத்தைக் கொட்டினால் உள்ளே இருக்கும் இரும்பு ஆணி பாய்ந்து போகும். சைக்கிள் டைனமோவைச் சுற்றி எடுக்கும் மின்சாரத்தைப் பிடித்து வைத்துக் கொட்டுவதற்குக் கெப்பாசிட்டர் என்கிற சின்ன டப்பாக்கள் வேண்டும். அதற்குப் பினாங்கில் பஞ்சமா? பாயான் லெப்பாஸில் வரிசையாக ஃபேக்டரிகள் இருக்கின்றன, பூட்டை உடைத்தால் அள்ளிக்கொள்ளலாம். வேறு எந்த ஊரிலும் இந்தத் துப்பாக்கி பிறந்திருக்க முடியாது என்பது யசோதரனின் கட்சி.

எட்டு வருடத்துக்கு முன்னால் ஆர்மீனியன் ஸ்ட்ரீட்டில் ஒரு காப்பிக்கடை மேசையில் இதை அவன் முதன்முதலாக விளக்கியது ஒரு பெண்ணிடம். படம் வரைவது அவள் தொழில். யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம், அவனைப் போலவே. அவன் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருக்க, அவள் ஒன்றும் பேசாமல் கடைக்காரரின் ஆர்டர் காகிதத்தைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் பென்சிலால் துப்பாக்கியை வரைந்தாள். இரண்டு கைகள் அதைப் பிடித்திருந்தன. “சத்தமே வராதா? அப்ப இவ ஊமைச்சி” என்று பெயரும் அவள்தான் வைத்தாள். அவள் அருந்ததி. அடுத்த வருடம் கல்யாணம். அந்தக் காகிதம் சட்டம் போடப்பட்டு ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில், கல்யாணப் படத்துக்கும் மேலே தொங்கியது. வருகிறவர்களிடமெல்லாம் யசோதரன் துப்பாக்கியைக் காட்டுவான்.

இந்த வருடம் அலாவுதீன் ஒரு நல்ல சேதி கொண்டுவந்தான். விளையாட்டைப் பெட்டியாக அச்சடித்து, வருடக் கடைசியில் ஜார்ஜ் டவுனில் நடக்கும் விளையாட்டுச் சந்தையில் விற்கலாம். அட்டைப்படம் அருந்ததி வரைவாள். அட்டையில் என்ன இருக்கும் என்று யாரும் கேட்கக்கூட இல்லை. ஊமைச்சிதான் இருக்கும்.

அப்போதுதான் சகலன் வந்து சேர்ந்தான்.

அருந்ததியின் தங்கை ரஜிதாவைக் கட்டியவன் ஸ்ரீகரன். கெப்பாலா பத்தாஸ்காரன், இப்போது சிம்பாங் அம்பாட்டில் வீடு, பத்து காவான் தொழிற்பேட்டையில் வேலை. என்ன வேலை என்றால் பொருள்களைச் சாகடிக்கும் வேலை. ஃபேக்டரியில் செய்த மின் பாகங்களை அடுப்புப் போன்ற பெட்டியில் வைத்து, சூடும் ஈரமும் ஏற்றி, எப்போது சாகும் என்று பார்த்து அதன் ஆயுளைக் கணக்குப் போடுவான். ஆள் அமைதி. வந்தால் சமோசா மாதிரியான கறிபாஃப் பொட்டலத்தோடு வருவான், போகும்போது தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போவான். இப்படி ஒரு சகலன் வாய்த்தால் எந்த மூத்த மருமகனுக்கும் வயிற்றில் கொஞ்சம் புளியைக் கரைக்கத்தான் செய்யும். மாமியார் வீட்டில் “ஸ்ரீகரனப் பாரு” என்ற பேச்சு ஏற்கெனவே தொடங்கியிருந்தது.

இரண்டு மூன்று ஞாயிறு அவன் வாயே திறக்காமல் ஆடினான். பிறகு ஒரு நாள், ஆட்டத்தின் நடுவில், மாணவன் போலக் கையைத் தூக்கினான்.

“அண்ணே, ஒரு டவுட் கேக்கலாமா?”

“கேளு தம்பி.”

“ஊமைச்சிக்கு விசாரணை எப்ப நடந்துச்சு?”

அலாவுதீன் கறிபாஃபை வாயில் வைத்தபடி மேலே பார்த்து யோசித்தான். “அட, ஆமா லா. நடக்கவே இல்லயே” என்றான்.

நடக்கவில்லைதான். சட்டம் வருவதற்கு முன்பே ஊமைச்சி வந்துவிட்டாள். சட்டம் போட்டவனின் பிள்ளையைச் சட்டம் தொடவில்லை. அதை இத்தனை வருடமாக யாரும் கவனிக்கவில்லை, இந்தக் கறிபாஃப்காரன் கவனித்துவிட்டான். யசோதரன் சிரித்துக்கொண்டே எழுந்து நின்றான். சிரிப்பு உதட்டோடு நின்றது.

“கெப்பாசிட்டர் எங்கேர்ந்து வருதுண்ணே?”

“பாயான் லெப்பாஸ். பழைய ஃபேக்டரி.”

“எண்பது வருஷம் பழசா?”

“பொட்டிய பிரிக்காம இருக்கும். புதுசு மாதிரி.”

“இல்லண்ணே, பிரிக்காட்டியும் அது சாகும்” என்றான் ஸ்ரீகரன், சாவு வீட்டில் பேசுவது போல மெதுவாக. “அந்த சைஸுக்கு அவ்வளவு கரன்ட் புடிக்கணும்னா உள்ள ஒரு தண்ணி மாதிரி இருக்குற வகைதான். அது காஞ்சிடும். நம்ம ஊரு வெக்கைக்கு இருபது, முப்பது வருஷம் தாங்குனாலே பெருசு. இதான் நான் டெய்லி பாக்குற வேலை.”

“அப்ப தோட்டா போட்ட துப்பாக்கி மட்டும் தாங்குமா?” என்று கேட்டாள் ரஜிதா.

“அதுவும் கஷ்டம். மருந்து கெட்டுப் போகும், ஈரம் ஏறும். புதுசா செய்யலாம்னா தோட்டாவுக்குப் பின்னாடி நெருப்பு வைக்குற மூடி இருக்கு பாரு, அத வீட்ல செய்ய முடியாது. எண்பது வருஷம் கழிச்சு எதிர்காலத் துப்பாக்கி எப்படி இருக்கும்னா, பழைய காலத்துத் துப்பாக்கி மாதிரிதான் இருக்கும்.” பிறகு, கொஞ்சம் வெட்கத்தோடு, “காத்து கெட்டுப் போகாது இல்லயா?” என்றான்.

காற்றுத் துப்பாக்கி. தீயணைப்பு சிலிண்டரைத் தொட்டியாக வைத்து, சைக்கிள் பம்பால் காற்றேற்றி, தோல் வளையத்தில் செம்பனை எண்ணெய் தடவி. இருநூறு வருடத்துக்கு முன்பே ஐரோப்பாவில் ஒரு ராணுவம் அப்படி ஒன்றைப் போருக்குக் கொண்டுபோனது என்றான். தோல் இருக்கும், எண்ணெய் இருக்கும், குழாய் இருக்கும். அலாவுதீன் தொடை தட்டினான். ரஜிதா கணவனைப் பார்த்த பார்வையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், புதுப்பெண். அது போகட்டும். யசோதரன் அருந்ததியைத்தான் பார்த்தான்.

அவள் பென்சிலை எடுத்திருந்தாள்.

“அந்த வளையம் எப்படி இருக்கும் ஸ்ரீகரன்? இப்படியா?” என்று கேட்டாள். அவன் “இல்லக்கா, கிண்ணம் மாதிரி” என்றான். அவள் அழித்து வரைந்தாள். “பம்ப் பண்ணும்போது மூச்சு வாங்குற சத்தம் வரும்ல? சுடும்போதும் பெருமூச்சு விடுற மாதிரி” என்று சொல்லிச் சிரித்து, படத்தின் அடியில் பெயர் எழுதினாள். பெருமூச்சு.

பெயர் வைத்துவிட்டாள். எட்டு வருடத்தில் எத்தனை பொருள்கள் மேசைக்கு வந்தன, ஒன்றுக்காவது அவள் பெயர் வைத்தாளா? ஊமைச்சிக்கு மட்டும்தானே வைத்தாள்? யசோதரனுக்கு அடிவயிற்றில் ஆரம்பித்துத் தொண்டை வரை எரிந்தது. கறிபாஃபின் மேல் பழியைப் போட முடியாது, அவன் அதைத் தொடவில்லை. பெண்டாட்டி வேறொருவனைப் பார்த்துச் சிரித்தாள் என்ற எரிச்சல் அல்ல அது. அந்த அளவுக்கு அவன் மட்டமானவன் இல்லை. தன்னைப் பார்த்து அவள் பென்சிலை எடுத்த மாதிரி இன்னொருவனைப் பார்த்தும் எடுத்துவிட்டாள் என்ற எரிச்சல். இதற்கு எந்தக் கோர்ட்டில் போய் முறையிடுவது?

“ஊமைச்சிக்கு வாய்தா வேணும்” என்று அறிவித்தான். “ரெண்டு வாரம். நான் ப்ரூஃப் கொண்டு வர்றேன்.” அட்டைப்படத்தை யாருக்குக் கொடுப்பது என்பதையும் அன்றே முடிவு செய்யலாம் என்றான் அலாவுதீன். அச்சுக்கு நாள் நெருங்கிவிட்டது.

அந்த இரண்டு வாரமும் வீட்டில் யசோதரனுக்கு நரகம். அருந்ததி சாப்பாட்டு மேசையில் பெருமூச்சைப் பல விதமாக வரைந்து ஒரு கோப்பில் சேர்த்தாள். “இதப் பாருங்களேன், இந்தப் பிடி நல்லாருக்கா?” என்று நீட்டினாள். அவன் “நல்லாருக்கு” என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். அவள் இன்னொரு முறை நீட்டினாள். அவன் குளிக்கப் போய்விட்டான். அப்புறம் அவள் காட்டுவதை நிறுத்திக்கொண்டாள். அதையும் அவன் குற்றமாகவே எழுதி வைத்துக்கொண்டான்: முன்பெல்லாம் எனக்குக் காட்டுவாள், இப்போது காட்டுவதில்லை.

முதல் வாரம் அவன் நேர்மையாகத்தான் முயன்றான். லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தைக்குப் போய், அறுதப் பழசான ஓர் ஆம்ப்ளிஃபையரை வாங்கிவந்து பால்கனியில் வைத்துப் பிரித்தான். உள்ளே இருந்த கெப்பாசிட்டர் தலை உப்பி, பழுப்பாக எதையோ கக்கிச் செத்துக் கிடந்தது. சகலன் சொன்னது சொன்னபடி. இன்னொரு பெட்டி வாங்கினான், அதிலும் அப்படியே. யசோதரன் அந்தப் பிணங்களைக் குப்பைத் தொட்டிக்கு அடியில் மறைத்து வைத்தான்.

இரண்டாம் வாரம் எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போய்ப் புத்தம்புதிய கெப்பாசிட்டர் ஒன்று வாங்கினான். இதற்கு மேல் அவன் செய்தது, படித்த மனிதன் செய்கிற வேலை அல்ல. அதைக் கெட்டித் தேநீரில் இரவு முழுக்க ஊற வைத்தான். உப்புத் தண்ணீரில் முக்கி வெயிலில் காய வைத்தான். உப்புத்தாளால் தேய்த்தான். கம்பெனிப் பெயரை நகத்தால் சுரண்டினான். அடியில் பொடியாக நாலு எண்கள் அச்சாகியிருந்தன. ஏதோ பாகத்தின் எண் என்று அதை விட்டுவிட்டான். விபத்தான காரின் படத்தில் பெயின்ட் புதுசா பழசா என்று கண்டுபிடிக்கும் மனிதன், தன் மோசடியில் இதைக் கோட்டைவிட்டான்.

ஞாயிறு வந்தது. எல்லாரும் உட்கார்ந்தார்கள். யசோதரன் கைக்குட்டையைப் பிரித்து அந்தத் துருப்பிடித்த டப்பாவை மேசை நடுவில் வைத்தான்.

“எங்கப்பாவோட ஆம்ப்ளிஃபையர்ல இருந்தது. நாப்பது வருஷத்துக்கு மேல. பாருங்க.”

மின்சாரம் ஏற்றினான். கம்பியை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தான். பிறகு பிடி போட்ட ஸ்க்ரூடிரைவரின் முனையை வைத்ததும் டப் என்று நீலப்பொறி பறந்தது. ரஜிதா பின்னால் சாய்ந்தாள். அலாவுதீன் கை தட்டினான். “நாப்பது வருஷம் தாங்குனது எண்பது தாங்காதா? ஏன் தாங்காது?” என்றான். அவனுக்கு எல்லாத் துப்பாக்கியும் பிடிக்கும்.

ஸ்ரீகரன் அதை எடுத்தான். உருட்டிப் பார்த்தான். அடிப்பக்கத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தான். அவன் கண் அங்கே கொஞ்சம் நின்றது. பிறகு டப்பாவை மெதுவாகக் கைக்குட்டையின் மேலேயே வைத்தான்.

“சரிண்ணே. நான்தான் தப்பு” என்றான்.

பெருமூச்சின் அட்டையைத் தானே எடுத்து, இரண்டாக மடித்து, மைலோ டின்னில் போட்டான். “அது பாஸ் ஆனதுதானே, ஏன் போடுறீங்க?” என்று ரஜிதா முகத்தைத் தூக்கினாள். “ஊமைச்சி இருக்கும்போது இது எதுக்கு? பொட்டி மேல ஒண்ணுதான வரும்” என்றான்.

யசோதரன் அன்று இரண்டு பேர் சாப்பாடு சாப்பிட்டான். ஆனால் படுத்த பிறகு ஒன்று உறுத்தியது. ஸ்ரீகரன் ஏன் சண்டை போடவில்லை? தோற்றவன் முகம் அப்படியா இருக்கும்? தோற்றவனைப் பார்க்கிற முகம் போலல்லவா இருந்தது?

மாதிரிக்கு வேண்டும் என்று டப்பாவை அருந்ததி வாங்கிவைத்துக்கொண்டாள். மூன்று நாளில் அட்டைப்படம் முடிந்தது. ஊமைச்சி வயிறு திறந்து கிடந்தாள். செம்புச் சுருள் மின்னியது, அதன் கீழே அந்தக் கெப்பாசிட்டர், தேநீர்க் கறையும் உப்புப் பூத்த விளிம்புமாக. பார்ப்பதை அப்படியே வரைவது அவள் பழக்கம், ஒரு கீறலைக்கூட விடமாட்டாள். யசோதரன் பார்த்துவிட்டு “இதுதான் உன் பெஸ்ட்” என்றான். உண்மையாகவே அப்படி நினைத்தான், சந்தோஷத்தில் அவளுக்கு ஒரு தேநீர்கூடப் போட்டுக் கொடுத்தான். அவள் படத்தை எல்லாருக்கும் கைப்பேசியில் அனுப்பினாள்.

மறுநாள் வேலை முடிந்து அவன் வீடு திரும்பியபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. அருந்ததி மேசையில் உட்கார்ந்திருந்தாள். எதிரில் படம், பக்கத்தில் டப்பா.

“ஸ்ரீகரன் போன் பண்ணான்” என்றாள்.

“என்னவாம்?”

“படம் நல்லாருக்காம். கெப்பாசிட்டர் அடியில நம்பர் இருக்குல்ல, அது மேல கொஞ்சம் துரு போட்டுடுங்கக்கா, அழகா இருக்கும்னான். ஏன்னு கேட்டேன். சும்மாதான்னான்.”

யசோதரன் கால் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே “போட்டுடேன்” என்றான்.

“அவன் எந்தப் படத்துக்கும் கருத்துச் சொன்னதே இல்ல. அதனால ரஜிதாகிட்ட கேட்டேன். அந்த நம்பர அவன் டெய்லி படிக்கிறானாம். முதல் ரெண்டு எண்ணு வருஷமாம், அடுத்த ரெண்டு எண்ணு வாரமாம்.” அவள் டப்பாவைத் திருப்பி அவன் பக்கம் நகர்த்தினாள். “இது போன வருஷம் செஞ்சது.”

யசோதரனுக்கு முதலில் வந்தது வெட்கம் அல்ல, கோபம். ஸ்ரீகரனுக்குத் தெரிந்திருந்தது. அந்த ஞாயிறே தெரிந்திருந்தது. தெரிந்தும் தன் துப்பாக்கியைத் தானே கடலில் போட்டுவிட்டு, இப்போது என் திருட்டைத் துருவால் மூடவும் வழி சொல்கிறான். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

“மாமாவுக்குப் பாட்டே பிடிக்காது” என்றாள் அருந்ததி. “ரேடியோவே நியூஸுக்கு மட்டும்தான் போடுவாரு. அவரு வீட்ல ஆம்ப்ளிஃபையர் எங்க இருந்துச்சு? அன்னைக்கே கேக்கணும்னு நெனச்சேன். எல்லார் முன்னாடியும் வேணாம்னு விட்டேன்.”

அவன் நின்றுகொண்டே இருந்தான். விசாரணைக்கு நிற்பது போலத்தான். அவள் கேள்வி எதுவும் கேட்கவில்லை, காத்திருந்தாள்.

“எல்லாரும் அவன் பின்னாடி போய்ட்டீங்க” என்றான் கடைசியில். குரல் அவனுக்கே கேட்கப் பிடிக்கவில்லை. “நீயும்.”

“நான் எங்க போனேன்?”

“பேரு வச்சியே. பெருமூச்சுன்னு. எனக்கு வரைஞ்ச மாதிரியே உக்காந்து வரைஞ்சியே. எனக்கு வயிறு எரிஞ்சுது, அருந்ததி. அவன் மேல. அந்தத் துப்பாக்கி மேல. உன் பென்சில் மேல கூட.”

அவள் சிரிக்கவில்லை. எழுந்து போய், கூடத்துச் சுவரிலிருந்து சட்டம் போட்ட அந்தக் காப்பிக்கடைக் காகிதத்தைக் கழற்றிக்கொண்டு வந்து அவன் முன்னால் வைத்தாள்.

“அன்னைக்கு நீங்க சொன்னதுல பாதி எனக்குப் புரியல” என்றாள். “அது சுடுமா சுடாதான்னு நான் யோசிக்கவே இல்ல. இதுல துப்பாக்கிய நான் சரியா கூட வரையல. பாருங்க, சுருளு எத்தனை சுத்துன்னுகூட தெரியல. எத சரியா வரைஞ்சிருக்கேன்?”

எட்டு வருடமாக அந்தப் படத்தில் அவன் துப்பாக்கியைத்தான் பார்த்திருந்தான். இப்போது பார்த்தால் துப்பாக்கி ஏனோதானோ என்று இருந்தது. அதைப் பிடித்திருந்த கைகள்தான் ரோமம் ரோமமாக, நரம்பு நரம்பாக இருந்தன. வலது கையின் சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் பேட்மின்டன் ஆடி உடைந்து, கோணலாகவே ஒட்டிக்கொண்ட அவனுடைய சுண்டுவிரல்.

அவள் அதோடு விடவில்லை. பெருமூச்சின் கோப்பைப் பிரித்து, ஒவ்வொரு தாளாக மேசையில் பரப்பினாள். அவன் பார்க்காமல் குளிக்கப் போன படங்கள். சிலிண்டரைத் தாங்கும் கை. பம்பை அழுத்தும் கை. தோல் வளையத்தில் எண்ணெய் தடவும் கை. எல்லாவற்றிலும் சுண்டுவிரல் கோணலாக இருந்தது.

“துப்பாக்கிய யாராச்சும் புடிச்சுத்தானே ஆகணும்?” என்றாள். “ஸ்ரீகரன் கை எப்படி இருக்கும்னு கேட்டா எனக்குத் தெரியாது. நான் பாத்ததே இல்ல.”

யசோதரன் நாற்காலியில் உட்கார்ந்தான். அவள் தட்டுகளை எடுக்கச் சமையலறைக்குப் போனாள். அன்று அவனோடு அதிகம் பேசவில்லை. அந்த வாரம் முழுவதுமே குறைவாகத்தான் பேசினாள். பொய் பொய்தானே.

ஞாயிறு அன்று, கறிபாஃப் பொட்டலம் பிரிக்கப்படுவதற்கு முன்பே, யசோதரன் எழுந்து நின்றான். டப்பாவை மேசையில் வைத்து, அடிப்பக்கத்தை எல்லாருக்கும் காட்டி, தேநீரிலிருந்து உப்புத்தாள் வரை ஒன்று விடாமல் சொன்னான். அலாவுதீன் வாய் பிளந்தான். “என் கைரேகைத் துப்பாக்கிய பேட்டரி இல்லன்னு தூக்கிப் போட்டது நீதானே? பெரிய ஆளு லா நீ” என்றான். ரஜிதா “அத்தான்...” என்று இழுத்து அக்காவைப் பார்த்தாள்.

ஊமைச்சியின் அட்டையை அவன் மடித்தான். எட்டு வருடத்து அட்டை, மடிப்பதற்கே கஷ்டமாக இருந்தது. டின்னுக்குள் போட்டான். பிறகு சட்டத்தை மீறி அதே டின்னுக்குள் கையை விட்டு, பெருமூச்சின் அட்டையை வெளியே எடுத்து, சகலன் முன்னால் விரித்து வைத்தான்.

“கடல்லேர்ந்து எடுக்கக் கூடாதேண்ணே” என்றான் ஸ்ரீகரன்.

“பொய் சாட்சி வச்சு மூழ்கடிச்சது செல்லாது.”

ஸ்ரீகரன் டப்பாவை எடுத்துப் பார்த்தான். “டீயில ஊற வச்சீங்களா? நல்ல கலர் வந்திருக்குண்ணே. எங்க பொட்டியில வச்சா கூட இப்படி வராது” என்றான். கிண்டலே இல்லை, மனமாரச் சொன்னான். இவனுக்கு ஒரு கெட்ட குணமாவது இருக்கக் கூடாதா என்று யசோதரனுக்கு மறுபடியும் லேசாக எரிந்தது. பொறாமை அத்தனை சுலபமாக ஆளை விட்டுப் போகிற சரக்கு அல்ல.

அடுத்த மாதம் அலாவுதீன் அச்சிலிருந்து முதல் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். மூடியில் பெருமூச்சு. இடிந்த பாலத்துக்குப் பின்னால் கடல், முன்னால் அந்தக் காற்றுத் துப்பாக்கி, அதைப் பிடித்த இரண்டு கைகள். எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். ஸ்ரீகரன் தன் துப்பாக்கியை ஆசை ஆசையாகப் பார்த்தான். தோல் வளையம் சரி, சிலிண்டர் சரி, எல்லாம் சரி என்று தலையாட்டிக்கொண்டே வந்தவன் ஓர் இடத்தில் நின்றான்.

“அக்கா, இந்தச் சுண்டுவிரல் மட்டும் ஏன் கோணலா இருக்கு? யாரு கை இது?”

அருந்ததி பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். யசோதரன் பகடையை எடுக்கப் போகிறவன் போல வலது கையை நீட்டி, பெட்டிக்குப் பக்கத்தில், எல்லாருக்கும் தெரியும்படி வைத்தான். கொஞ்ச நேரம் அதை எடுக்கவே இல்லை.